ஒரே பக்கத்தில் நான்கு வரைவுகள்

மலேசியாவில் ஆண்டு முழுவதும் மழை பெய்யும் என்று பலரும் கூறுவதுண்டு. அது பொய்யன்று, ஆனால், முழு உண்மையும் அன்று. கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். அதே ஜனவரியில்தான் சரவாக்கின் கூச்சிங்கில் மழை உச்சத்தைத் தொடுகிறது. கிளந்தானின் கோத்தா பாருவில் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர், டிசம்பர் மாதங்களில் மழையைக் கொட்டித் தீர்க்கிறது. கோலாலம்பூரிலோ ஏப்ரலை ஒட்டி ஒருமுறையும், அக்டோபர், நவம்பரை ஒட்டி மறுமுறையும் என மழை ஆண்டுக்கு இருமுறை வலுக்கிறது. நாடு ஒன்றே, மழைக்காலங்கள் மட்டும் வேறு வேறு.

இந்த வேறுபாட்டை ஒருவர் மற்றவருக்குக் காட்ட விரும்பினால் என்ன செய்வார்? நான்கு ஊர்களுக்கும் பன்னிரண்டு மாதங்களுக்கும் சேர்த்து 48 எண்கள் உள்ளன. அவற்றை அட்டவணையாகத் தரலாம். அட்டவணை துல்லியமானதுதான், ஆனால், 48 எண்களைப் படித்து முடிப்பதற்குள் முதலில் படித்த எண் மறந்துவிடும். நான்கு ஊர்களையும் நான்கு வண்ணக் கோடுகளாக ஒரே கோட்டுக் குறிவரைவில் வரையலாம். இரண்டு கோடுகள் என்றால் தெளிவாக இருக்கும். நான்கு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடும். நான்கு ஊர்களின் சராசரியைக் கணக்கிட்டு ஒரே பட்டைக் குறிவரைவாக வரைவது எல்லாவற்றிலும் எளிது. ஆனால், அதுவே எல்லாவற்றிலும் மோசமானது. அலோர் ஸ்டாரின் வறட்சியும் கூச்சிங்கின் பெருமழையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எந்த ஊரிலும் பெய்யாத ஒரு மழையை அந்தச் சராசரி காட்டும்.

நான்காவது வழி ஒன்று உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சிறிய குறிவரைவு. நான்கும் ஒரே அளவு, ஒரே வடிவம். நான்கும் ஒரே பக்கத்தில். படிப்பவர் முதல் குறிவரைவைப் புரிந்துகொண்டால் போதும், மற்ற மூன்றையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி 1983-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வழியாக இம்முறை பரவலாக அறியப்பட்டது.

பல குறிவரைவுகளை அருகருகே வைப்பதன் வலிமையை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒருவர் மெய்ப்பித்திருந்தார். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியலாளர் 1973-இல் நான்கு தரவுத் தொகுதிகளை உருவாக்கினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் முதல் மாறியின் சராசரி 9. இரண்டாம் மாறியின் சராசரி ஏறத்தாழ 7.5. புள்ளிகளுக்குப் பொருந்தும் நேர்கோடுகூட நான்கிற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எண்களை மட்டும் பார்ப்பவர் நான்கும் ஒன்றே என்றுதான் முடிவு செய்வார். வரைந்து பார்த்தால் கதை மாறுகிறது. ஒன்றில் புள்ளிகள் கோட்டைச் சுற்றிச் சிதறிக் கிடக்கின்றன. மற்றொன்றில் அவை வளைந்து செல்கின்றன. மூன்றாவதில் சீரான நேர்கோட்டிலிருந்து ஒரே ஒரு புள்ளி விலகி நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் அடுக்கப்பட்டிருக்க, பதினோராவது புள்ளி தொலைவில் தனித்து நிற்கிறது. இந்த நான்கையும் வெவ்வேறு பக்கங்களில் அச்சிட்டிருந்தால் இத்தனை வியப்பு ஏற்பட்டிருக்காது.

முற்காலத்தில் இத்தகைய பக்கத்தைத் தயாரிக்க அளவுகோலும் மையும் பொறுமையும் தேவைப்பட்டன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூலில் கோட்டுக் குறிவரைவுகளையும் பட்டைக் குறிவரைவையும் பயன்படுத்தினார். அன்று ஒவ்வொரு வரைவையும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட வேண்டியிருந்தது. இன்று சில வரிகள் நிரல் எழுதினால் போதும். அதற்கு உதவும் கருவிகளுள் பலரும் அறிந்தது, பைத்தான் மொழியில் பயன்படும் 'மேட்பிளாட்லிப்' என்னும் நிரல் தொகுப்பு. அதனை உருவாக்கிய ஜான் ஹன்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையிலிருந்து பதிவாகும் மின் சைகைகளைப் பார்ப்பதற்கு அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அதற்காகத் தொடங்கிய பணியே பின்னர் உலகம் முழுவதும் பரவிய இலவச மென்பொருளாக வளர்ந்தது. மூளை அலைப் பதிவும் ஒரு வகையில் இதே முறைதான்: ஒவ்வொரு மின்முனைக்கும் ஒரு கோடு, எல்லாக் கோடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில்.

நான்கு ஊர்களின் மழையை வரைய நிரலுக்குத் தேவைப்படும் முதல் கட்டளை 'சப்பிளாட்ஸ்' என்பது. அதற்கு 2, 2 என்று இரண்டு எண்களைத் தந்தால், கணினி பக்கத்தை இரண்டு குறுக்கு வரிசைகளாகவும் இரண்டு நெடு வரிசைகளாகவும் பிரித்து நான்கு கட்டங்களை அமைத்துக் கொடுக்கும். கட்டளை இரண்டு பொருள்களைத் திருப்பித் தருகிறது. ஒன்று முழுப் பக்கம். மற்றொன்று நான்கு கட்டங்களும் அடங்கிய தொகுதி. புதிதாகக் கற்பவர்கள் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். பொதுத் தலைப்பை எழுதுவதும் கோப்பாகச் சேமிப்பதும் பக்கத்தின் வேலை. பட்டைகளை வரைவதும் ஊரின் பெயரை எழுதுவதும் கட்டத்தின் வேலை. பக்கத்தை வீடு என்றும் கட்டங்களை அறைகள் என்றும் எண்ணிக்கொண்டால் குழப்பம் தீரும்.

அடுத்த தடுமாற்றம் எண்ணும் முறையில் வருகிறது. பைத்தான் மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. ஆகவே, மேல் இடப்பக்கக் கட்டத்தின் முகவரி 0, 0. கீழ் வலப்பக்கக் கட்டத்தின் முகவரி 1, 1. முதல் எண் மேலிருந்து எத்தனையாவது வரிசை என்பதையும் இரண்டாம் எண் இடமிருந்து எத்தனையாவது என்பதையும் குறிக்கும். ஆனால், இதே தொகுப்பில் 'சப்பிளாட்' என்னும் பழைய கட்டளை ஒன்றும் இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. அது 1-லிருந்து எண்ணுகிறது; இடமிருந்து வலமாகவும் பின்னர் மேலிருந்து கீழாகவும் 1, 2, 3, 4 என்று செல்கிறது. அதன் கணக்கில் கீழ் வலப்பக்கக் கட்டம் 4. இரண்டு கட்டளைகளையும் ஒரே நிரலில் கலந்து எழுதினால் கூச்சிங்கின் மழை அலோர் ஸ்டாரின் தலைப்பின்கீழ் வந்து அமரக்கூடும். கணினி அதைப் பிழையென்று சொல்லாது. அழகாக வரைந்து கொடுத்துவிடும். ஏதேனும் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதே நல்லது. புதிய கட்டளையே வசதியானது.

நான்கு ஊர்களுக்கும் நான்கு முறை ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதத் தேவையில்லை. ஊர்ப் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி, கட்டங்களையும் ஒரே வரிசையாக நீட்டி, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், "ஒவ்வோர் ஊருக்கும் அதன் கட்டத்தில் பட்டைகளை வரைந்து, தலைப்பில் ஊரின் பெயரை எழுது" என்று ஒரே முறை சொன்னால் போதும். இதனை மடக்கு என்பர். மலேசியாவின் 13 மாநிலங்களுக்கும் 3 கூட்டரசுப் பிரதேசங்களுக்கும் வரைய வேண்டுமானால், 2, 2 என்பதை 4, 4 என்று மாற்றி, பட்டியலில் 16 பெயர்களை எழுத வேண்டியதுதான். 13 மாநிலங்கள் மட்டும் என்றால் மூன்று கட்டங்கள் வெறுமையாக எஞ்சும். அவற்றை மறைக்கச் சொல்லவில்லையென்றால் கடைசி வரிசையில் எண்கள் மட்டும் எழுதிய காலிப் பெட்டிகள் பல்லிளிக்கும்.

பட்டியலில் ஊர்களை எந்த வரிசையில் எழுதுவது? அகர வரிசையில் எழுதினால் தேடுவதற்கு எளிது. ஆனால், இந்த நான்கு ஊர்களுக்கு அதைவிடச் சிறந்த வரிசை ஒன்று இருக்கிறது. அலோர் ஸ்டார் வடமேற்கில் உள்ளது. கோத்தா பாரு தீபகற்பத்தின் வடகிழக்கில். கோலாலம்பூர் அவற்றுக்குத் தெற்கே மேற்குக் கரையோரம். கூச்சிங் தென்சீனக் கடலுக்கு அப்பால் தென்கிழக்கே. நான்கு கட்டங்களில் அவற்றை அப்படியே வைத்தால் பக்கமே ஒரு சிறிய வரைபடமாகிவிடும். வலப்பக்கத்தில் உள்ள இரண்டு ஊர்களிலும் ஆண்டின் இறுதியிலோ தொடக்கத்திலோ பட்டைகள் உயர்ந்து நிற்பதைக் காணும் மாணவர், வடகிழக்குப் பருவக்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை யாரும் சொல்லாமலேயே கேட்கத் தொடங்குவார்.

இனிமேல்தான் முக்கியமான சிக்கல் வருகிறது. நிரலில் எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு கட்டமும் தனக்கு ஏற்ற செங்குத்து அச்சைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கூச்சிங்கின் ஜனவரி மழை சராசரியாக 600 மில்லிமீட்டரைத் தாண்டும். எனவே, அதன் அச்சு அதற்கும் மேலே செல்லும். அலோர் ஸ்டாரின் மிக ஈரமான மாதத்தின் மழை அதில் ஏறக்குறையப் பாதிதான். எனவே, அதன் அச்சு 300-ஐ ஒட்டியே நின்றுவிடும். இதன் விளைவாக, இரு கட்டங்களிலும் மிக உயரமான பட்டை கட்டத்தின் உச்சியைத் தொட்டு ஒரே உயரமாகத் தெரியும். அச்சில் எழுதிய எண்களைப் படிப்பவருக்கு மட்டுமே உண்மை தெரியும். பெரும்பாலோர் எண்களைப் படிப்பதில்லை. பட்டையின் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிளந்தானையும் கிழக்குக் கரையின் பிற பகுதிகளையும் பெருவெள்ளம் சூழ்ந்தது. நாடு முழுவதும் 200,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். கோத்தா பாருவின் நவம்பர், டிசம்பர் பட்டைகளும் கோலாலம்பூரின் நவம்பர் பட்டையும் ஒரே உயரமாகத் தெரியும் பக்கத்தைப் பார்த்து, வெள்ளத் தடுப்புக்கு எங்கே எவ்வளவு ஒதுக்குவது என்று யாரேனும் முடிவெடுத்தால், அந்த முடிவு எப்படி இருக்கும்? வரைந்தவர் ஓர் எண்ணைக்கூட மாற்றியிருக்க மாட்டார். அச்சைக் கவனிக்காமல் விட்டது மட்டுமே அவர் செய்தது.

இதற்குத் தீர்வு ஒரே ஒரு சொல். 'சப்பிளாட்ஸ்' கட்டளையிலேயே, செங்குத்து அச்சைப் பகிர்ந்துகொள்ளும்படி சேர்த்து எழுதினால், நான்கு கட்டங்களும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்தும். கூச்சிங்கின் உயரம் எல்லாருக்கும் பொதுவான உயரமாகிவிடும். அலோர் ஸ்டாரின் பட்டைகள் குட்டையாகத் தோன்றும். அவை உண்மையிலேயே குட்டைதான். கிடை அச்சையும் அவ்வாறே பகிரலாம். அப்போது உட்புறக் கட்டங்களில் எண்கள் திரும்பத் திரும்ப எழுதப்படாமல் இடப்பக்கத்திலும் கீழேயும் மட்டுமே தோன்றும். பக்கமும் நெரிசலின்றி இருக்கும்.

அச்சு எங்கே தொடங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரில் 1991 முதல் 2020 வரையிலான காலத்தின் சராசரிப்படி, பிப்ரவரி மழை 105.1 மில்லிமீட்டர், டிசம்பர் மழை 331.9 மில்லிமீட்டர். டிசம்பர் பிப்ரவரியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. செங்குத்து அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 100-லிருந்து தொடங்கினால், பிப்ரவரியின் பட்டை 5 அலகு உயரமும் டிசம்பரின் பட்டை 232 அலகு உயரமும் பெறும். பார்ப்பவர் கண்ணுக்கு டிசம்பர் 45 மடங்காகத் தெரியும். பிப்ரவரியில் சிங்கப்பூர் பாலைவனமாகத் தெரியும். பட்டைக் குறிவரைவைப் பூஜ்யத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

பகிர்ந்த அச்சு எல்லா நேரத்திலும் சரியானதா என்றால், இல்லை. மழையோடு வெப்பநிலையையும் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேல் வரிசையில் நான்கு ஊர்களின் மழை. கீழ் வரிசையில் அதே நான்கு ஊர்களின் வெப்பநிலை. மில்லிமீட்டருக்கும் பாகை செல்சியசுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. இரண்டையும் ஒரே அச்சில் கட்டிப்போட்டால், 600 வரை நீளும் அளவுகோலில் 27 பாகை தரையோடு தரையாகக் கிடக்கும். மேட்பிளாட்லிப்பில் இதற்கும் வழி உண்டு: எல்லாக் கட்டங்களும் பகிர வேண்டியதில்லை, ஒரே குறுக்கு வரிசையில் உள்ளவை மட்டும் தங்களுக்குள் பகிர்ந்தால் போதும் என்று கூறலாம். மழை மழையோடு, வெப்பம் வெப்பத்தோடு.

கட்டங்களை எந்தத் திசையில் அடுக்குவது என்பது பலரும் யோசிக்காத கேள்வி. நான்கையும் பக்கவாட்டில் ஒரே வரிசையாக வைத்தால், பட்டைகளின் உச்சிகளைக் கண் கிடையாகத் தொடர்ந்து ஒப்பிடும். எந்த ஊரில் மழை அதிகம் என்பதற்கு விடை உடனே கிடைக்கும். நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், நான்கு ஜனவரிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். நான்கு டிசம்பர்களும் அப்படியே. எந்த ஊரில் மழை எப்போது வருகிறது என்பதற்கு இதுவே ஏற்றது. இரண்டுக்கு இரண்டு என்ற அமைப்பு இரண்டிலும் பாதி தருகிறது. அது பார்க்க அழகாக இருப்பதால் பலரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். கேள்வியை முதலில் எழுதிவைத்துவிட்டு அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர்களின் பக்கம் பெரும்பாலும் தெளிவாக அமைகிறது. நிரலிலும் ஒரு சிறு மாற்றம் தேவைப்படும். ஒரே வரிசை என்றால் கட்டத்தின் முகவரிக்கு இரண்டு எண்கள் தேவையில்லை. ஓர் எண் போதும். பழைய வழக்கத்தில் இரண்டு எண்களைத் தந்தால் கணினி பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும்.

எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மேலே ஒரு பெரிய குறிவரைவு, கீழே மூன்று சிறிய குறிவரைவுகள் என்று அமைக்க விரும்பினால், 'மொசைக்' என்னும் கட்டளை உதவும். 2020-இல் வெளிவந்த பதிப்பில் சேர்க்கப்பட்ட இக்கட்டளை, பக்கத்தின் அமைப்பை எழுத்துகளாலேயே வரையச் சொல்கிறது:

அஅஅ
இஈஉ

முதல் வரியில் அகரம் மூன்று முறை வருவதால் பெரிய கட்டம் பக்கத்தின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். அதன்கீழ் இ, ஈ, உ என மூன்று சிறிய கட்டங்கள். பின்னர் பூஜ்யம், ஒன்று என்று எண்ணிக்கொண்டிராமல், "ஈ என்னும் கட்டத்தில் கோத்தா பாருவை வரை" என்று பெயர் சொல்லி அழைக்கலாம். இங்கே உயிரெழுத்துகளைப் பயன்படுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. 'கா' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கோ ககரமும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறிகள். எனவே, ஒரு வரியில் 'கா' என்று எழுதினால் அது இரண்டு கட்டங்களாகப் பிரிந்துவிடும். அ, இ, ஈ, உ ஆகியவை கணினிக்கும் ஒவ்வொரு குறிதான்.

பக்கத்தின் அளவைத் தொடக்கத்திலேயே முடிவு செய்வது நல்லது. எதுவும் சொல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் கொண்ட பக்கத்தைத் தரும். ஒரு குறிவரைவுக்கு அது போதும். நான்கைப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 3 அங்குலம்கூடக் கிடைக்காது. கட்டங்கள் சுருங்கினாலும் எழுத்துகள் தாமாகச் சுருங்குவதில்லை. அவற்றின் அளவு கட்டத்தைச் சார்ந்ததன்று. ஆகவே, கீழ்க் கட்டத்தின் தலைப்பு மேல் கட்டத்தின் மாதப் பெயர்கள்மீது ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஏ4 தாளின் அகலம் ஏறத்தாழ 8.3 அங்குலம், உயரம் ஏறத்தாழ 11.7 அங்குலம். அச்சிடப்போகும் அளவையே நிரலில் எழுதி, இடைவெளிகளைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பையும் இயக்கிவிட்டால், பெரும்பாலான மோதல்கள் மறைந்துவிடும். ஜனவரி, பிப்ரவரி என்று முழுப்பெயர்களை எழுதுவதற்குப் பதிலாக ஜன, பிப் என்று சுருக்கலாம். வண்ணத்திலும் சிக்கனம் வேண்டும். ஊரின் பெயர் கட்டத்தின் தலைப்பிலேயே இருக்கும்போது நான்கு ஊர்களுக்கும் நான்கு வண்ணங்கள் எதற்கு? எல்லாப் பட்டைகளையும் சாம்பல் நிறத்தில் வரைந்து, ஒவ்வோர் ஊரிலும் மிக ஈரமான மாதத்தை மட்டும் நீலமாக்கினால், அந்த நான்கு நீலப் பட்டைகளே பக்கத்தின் செய்தியைச் சொல்லிவிடும்.

தலைப்புகளைத் தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு வேலை இருக்கிறது. இத்தொகுப்போடு வரும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரை நிரலில் குறிப்பிடாவிட்டால், 'கோத்தா பாரு' இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுச் சதுரங்கள் வரிசையாக நிற்கும். எழுத்துருவை மாற்றிய பிறகும் கொம்பும் காலும் உரிய இடத்தில் விழுந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சேமிப்பு. பக்கத்தைத் திரையில் காட்டும் கட்டளையை முதலிலும் சேமிக்கும் கட்டளையை அதன் பின்னரும் எழுதுவது பலர் செய்யும் தவறு. திரையில் தோன்றிய சாளரத்தை மூடியவுடன் அந்தப் பக்கத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் சேமிப்புக் கட்டளை புதிய வெற்றுத் தாள் ஒன்றைச் சேமிக்கிறது. திரையில் நான்கு குறிவரைவுகளையும் கண்குளிரக் கண்ட மாணவர், மறுநாள் பள்ளியில் கோப்பைத் திறக்கும்போது வெள்ளைத் தாளைத்தான் காண்பார். நிரலில் அந்த இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் கோப்பில் நான்கு ஊர்களின் மழையும் இருக்கும்.